சோத்துக்கைப் பக்கம்

"ஆடாம அசையாம படுத்துக்கிடுங்க மேடம், இருபத்தஞ்சு நிமிசந்தான்" என்று ஜெபராஜின் குரல் காதுக்குள் வந்து விழுந்த அந்த நொடியே அங்கயற்கண்ணிக்கு மூக்கு அரித்தது. அரிக்காமல் என்ன செய்யும்? அசையக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உடம்புக்குக் கொண்டாட்டம். பதினெட்டு வருஷமாக இதே எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் எத்தனை பேரைப் படுக்க வைத்து இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பாள். மூக்கு அரிக்குது மேடம் என்று கெஞ்சிய பிள்ளைகளிடம், அதெல்லாம் மனப்பிரமை, நினைக்காமல் இருந்தால் அரிக்காது என்று விளக்கம் வேறு. ஊருக்குத்தான் உபதேசம். மூளையைப் பற்றி முப்பத்தேழு கட்டுரை எழுதியவளின் மூளைக்கு இப்போது தெரிந்ததெல்லாம் ஒரு மூக்கு. மெஷின் டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது, பிறகு மாவு மில்லில் பெல்ட்டு மாட்டியதுபோல ஒரே இரைச்சல். கழுத்தில் கனமில்லாதது ஒரு மாதிரி இருந்தது. உள்ளே உலோகம் ஆகாது என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்றி உடை மாற்றும் அறையில் பெட்டியில் போட்டுவிட்டு, படுக்க வரும் பெண்களுக்கென்று அவளே எப்போதோ வாங்கி வைத்த மஞ்சள் கயிற்றில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நம்பிக்கையா என்று கேட்டால் இல்லை, பழக்கமா என்று கேட்டால் அதுவும் இல்லை, ஜெபராஜ் பார்த்து என்ன நினைப்பான் என்பதுதான். அவனோ மதுரைக்கு வந்து பதினாலு வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன், மேடத்தின் கழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆளே இல்லை. அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஏன் மேடம், ஒரு தண்ணிக் குடுவையை உள்ள வச்சா பத்தாதா, நீங்க எதுக்குப் படுக்கிய? பத்தும்தான். குடுவையின் வலப்பக்கத்தில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டி உள்ளே தள்ளியிருந்தாலும் இதே பரீட்சை நடந்திருக்கும். எண்ணெய் இந்த மெஷினில் வெள்ளையாக, பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். குடுவைக்குப் பதில் அவள் தன் வலது நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்ட மாத்திரை படத்திலும் வலப்பக்கம் வந்தால் அவள் பிழைத்தாள். இடப்பக்கம் வந்தால், பதினைந்து வருஷமாக அவளுடைய படங்களெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடக்கின்றன என்று அர்த்தம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைக் குடுவையை வைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து நிமிஷம் போன் இல்லாமல் எங்காவது படுத்துக் கிடக்க வேண்டும் போலிருந்தது, அதை ஜெபராஜிடம் எப்படிச் சொல்வது.

அந்தப் போனில்தான் சனியன் வந்தது. காலையில் பல் தேய்க்கும் முன் அவள் அதில் பார்ப்பது ஒரே ஒரு எண், அவளுடைய அந்தக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்கிற எண். அறுநூற்றுப் பதினொன்று. நேற்றும் அதேதான், முந்தாநாளும் அதேதான், இருந்தாலும் பார்க்காமல் இருக்க முடியாது, அடுப்பில் பால் வைத்தவள் எட்டி எட்டிப் பார்ப்பதுபோல. மொழி என்றால் மூளையின் இடப்பக்கம் என்று உலகம் முழுக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தபோது, தமிழ் எழுத்தை வாசிக்கிறவர்களுக்கு வலப்பக்கமும் விழித்துக்கொண்டு வேலை செய்கிறது என்று இருபத்துநாலு கல்லூரிப் பிள்ளைகளை இந்தக் குழாயில் படுக்க வைத்துச் சொன்னவள் அவள். சும்மாவா இருப்பார்கள் நம்மவர்கள்? பத்திரிகையில் வந்தது. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள், மே மாத வெயிலில் கம்பளி மாதிரி ஒரு பொன்னாடை. தமிழ் படித்தால் மூளை இரட்டிப்பாக வேலை செய்யும், மதுரைப் பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு, இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று வாட்ஸாப்பில் இன்றைக்கும் சுற்றுகிறது. சொந்தப் பெரியப்பா மகன் அவளுக்கே அதை அனுப்பி, நம்ம ஊர்க்காரி போலிருக்கே யாருன்னு தெரியுமா என்று கேட்டான். இப்படியிருக்க, பத்து நாள் முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து மயூரன் என்று ஒருவர் எழுதினார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். அவளுடைய சோதனையை அப்படியே எடுத்து அங்குள்ள பிள்ளைகளிடம் மூன்று முறை செய்து பார்த்தாராம். மூன்று முறையும் இடப்பக்கம்தான் வந்ததாம். முதலில் தன் மெஷினில் கோளாறு என்று நினைத்தாராம். தேர்வாளர்களும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்: அறுநூறு பேர் மேற்கோள் காட்டிய முடிவுக்கு எதிராக உங்கள் முடிவு இருக்கிறது, ஆகவே உங்கள் ஆய்வில் பிழை, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் ஆய்வேடு ஏற்கப்படாது. கடைசியில் ஒரு வரி. குறை நினைக்க வேண்டாம் மடம், உங்கட படங்கள் இடம் வலம் மாறியிருக்கச் சாத்தியம் உண்டோ? இன்றைக்குச் செவ்வாய், அந்த வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். அந்த ஒற்றை வரியைப் படித்ததும் அங்கயற்கண்ணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏற்கனவே எப்போதோ கேட்ட கேள்விபோல இருந்தது, அவ்வளவுதான். அதை அப்போதே கவனித்தாள். கவனித்துவிட்டு, பார்க்காததுபோல் காய்கறி நறுக்கப் போய்விட்டாள்.

வலது பொட்டில். வலது பொட்டில்தானே ஒட்டினோம்? இரைச்சல் நின்று, அடுத்த இரைச்சல் தொடங்குவதற்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இந்தக் கேள்வி வந்து நின்றது. உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று ஒட்டினாள். கண்ணாடியில் தெரிந்த பெண்ணுக்கு வலதா, அவளுக்கு வலதா? கண்ணாடியில் வலப்பக்கம் தெரிவது நம் வலப்பக்கம்தான், அதிலே குழப்பமில்லை, இருங்கள், அதிலே குழப்பமில்லையா? கண்ணாடிக்குள் இருப்பவள் நம்மைப் பார்த்து நிற்கிறாள், அப்படியென்றால் அவள் கணக்கில் அது இடது. இதற்குத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது. தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தையை அடைத்து, மேலே காதில் ஹெட்போனை மாட்டி, ஜெபராஜ் ஊறுகாய் ஜாடியை மூடுவதுபோல் அழுத்தி மூடிவிட்டான். இரண்டு பொட்டும் ஒரே மாதிரி அழுந்துகின்றன. எந்தப் பக்கம் பிளாஸ்திரி, எந்தப் பக்கம் பஞ்சு என்று தோலுக்கே தெரியவில்லை. உலகத்துக்கு மூளையின் இடம் வலம் சொன்னவளுக்குத் தன் தலையில் இடம் வலம் தெரியவில்லை என்று பொன்னாடை போர்த்தியவர்கள் கேட்டால் என்ன ஆவது. சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை ஆடும், படம் கலங்கும், திரும்ப இருபத்தைந்து நிமிஷம். அடக்கிக்கொண்டாள். அவளுக்கு இது பிறந்ததிலிருந்தே உள்ள வியாதி. இடதுகைக்காரியாகப் பிறந்தவள். பீச்சாங்கையை நீட்டாதடி என்று அம்மா ஒவ்வொரு முறையும் விரலில் தட்டுவாள், பிரசாதம் வாங்கப் போனால் தட்டு, கடையில் மிட்டாய் வாங்கப் போனால் தட்டு. ஒரு கோடை முழுக்க இடது மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டையைக் கட்டிப் பாவாடை நாடாவோடு முடிந்து வைத்திருந்தாள். கை மாறிவிட்டது. எழுத்தும் மாறிவிட்டது. ஆனால் எது எந்தப் பக்கம் என்பது மட்டும் உள்ளே நிரந்தரமாகக் கலங்கிப் போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் வலது பக்கம் திரும்புங்க என்று சொல்லிவிட்டு இடது பக்கம் கையைக் காட்டுவாள், அவர்களும் வாயை நம்பாமல் கையைப் பார்த்துத் திருப்புவார்கள். பள்ளிக்கூடத்து அணிவகுப்பில் எல்லாரும் ஒரு பக்கம் போக இவள் மட்டும் தனியாகக் கொடிக் கம்பத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பாள். இன்றைக்கும் வலது எது என்று தெரிய வேண்டுமென்றால், ஒரு கவளம் சோறு எடுப்பதாக மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கை எழும்புகிறதோ அது சோத்துக்கை, அது வலது. இப்போதும் எடுத்தாள். குழம்புச் சோறு, மேலே ஒரு துண்டு அப்பளம். கை எழும்பத் துடித்தது. அந்தக் கையில் ஜெபராஜ் கொடுத்த ரப்பர் பந்து இருந்தது, பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று எல்லாருக்கும் கொடுக்கிற பந்து. சரி, இது வலது கை. கை தெரிகிறது. பொட்டுதான் தெரியவில்லை.

மாறி ஒட்டியிருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒரு குரல். புள்ளி எந்தப் பக்கம் வந்தாலும், அய்யோ நான் மாற்றி ஒட்டிவிட்டேன், இந்தச் சோதனை செல்லாது என்று சொல்லிவிடலாம். ஜெபராஜ் நம்புவான், ஏனென்றால் மேடத்துக்கு இடம் வலம் தெரியாது என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். அடுத்த மாதம் இந்தக் கிழட்டு மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அதன் பிறகு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. பேராசிரியர் நாகப்பனும் அதைத்தான் சொன்னார். மெஷின் கொடுக்கிற படத்தை ஆராய்ச்சிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவர் அவர்தான், இப்போது ஓய்வு பெற்றுத் திருச்சியில் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்துகொண்டிருக்கிறார். போனில் கேட்டபோது, ஏம்மா, அப்ப சரியாத்தானே இருந்துச்சு, இத்தனை வருஷம் கழிச்சு எவன் தோண்டப் போறான், உன் பேரும் கெட்டு என் பேரும் கெட்டு, விடும்மா என்றார். விடலாம். விட்டுப் பார்த்தவள்தானே. எப்போது? இரைச்சல் மறுபடி மாறியது, இப்போது யாரோ தகரக் கதவை விடாமல் தட்டுவதுபோல. அந்தக் கட்டுரை வந்து மூன்றாம் வருஷம், வேறொரு ஆய்வுக்குப் படுக்க வந்த ஒரு பையனின் தலையில் சின்ன நீர்க்கட்டி இருந்தது. ஆபத்தில்லாதது. ஸ்கேன் டாக்டர் தன் அறிக்கையில் இடது என்று எழுதியிருந்தார். அவளுடைய திரையில் அது வலப்பக்கம் இருந்தது. அன்றைக்கு எவ்வளவு நேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்? டாக்டர்கள் படத்தைப் பார்ப்பது எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல, அவர்களுக்கு நம் இடது வலப்பக்கமாகத் தெரியும்; ஆராய்ச்சிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள், இடது இடதாகவே தெரியும். இரண்டு வழக்கமும் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இந்தத் தொழிலில் புதுசில்லை. நான்தான் குழப்பிக்கொண்டிருப்பேன், எனக்கு எப்போதும் இது தகராறுதானே என்று சொல்லிக்கொண்டு திரையை அணைத்தாள். பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்வதில் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். அடக்கம் போலவும் இருக்கும், மேலே யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு ஒரு மீன் எண்ணெய் மாத்திரை, ஒரு துண்டு பிளாஸ்திரி, அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அப்போது எண் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டில் முடிந்திருக்க வேண்டியதை அறுநூற்றுப் பதினொன்று வரை வளர விட்டாள், ஒவ்வொரு நாளும் பல் தேய்க்கும் முன் எட்டிப் பார்த்து. ஏறியதா என்று பார்த்தோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். குழாய்க்குள், மூக்கு அரித்துக்கொண்டிருக்கையில், அது அப்படியில்லை என்று தெரிந்தது. இன்றைக்காவது யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்றுதான் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு புது மேற்கோளையும் பயந்து பயந்து திறந்து, அப்பாடா, இவரும் நம்மை நம்பிவிட்டார் என்று மூடியிருக்கிறாள். நம்பியவர்களை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. அவளுக்குப் பிடித்த கட்டுரை வேறு ஒன்று இருக்கிறது. அம்மாக்கள் ஒரு பிள்ளையைக் கூப்பிட நினைத்து, மற்ற பிள்ளைகள் பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி, நாய்க்குட்டியின் பேரையும் சொல்லி, கடைசியில் சரியான பேருக்கு வந்து சேர்வார்களே, அது மூளையில் எப்படி நடக்கிறது என்று எழுதியது. மேற்கோள் ஐந்து. அதில் இரண்டு அவளே காட்டிக்கொண்டது. அந்தக் கட்டுரையின் எண்ணை ஒரு நாளும் பயந்து பயந்து திறந்ததில்லை. இடப்பக்கம் வந்துவிடட்டும். இப்படி நினைத்தது தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஆமாம், தான்தான். கடவுளே, அந்தப் புள்ளி இடப்பக்கம் வந்து தொலையட்டும், இந்தப் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணையட்டும், நான் போய் வேறு வேலை பார்க்கிறேன். கண்ணோரத்தில் ஏதோ ஊறிக் காதுப் பக்கமாக இறங்கியது. மூக்கு அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"முடிஞ்சுது மேடம். தூங்கிட்டியளோ?" என்றபடி ஜெபராஜ் பலகையை வெளியே இழுத்தான். தூங்கவில்லை என்றாள். கண்ணு கலங்கியிருக்கே, ஏசி காத்து நேர மூஞ்சில அடிக்கும் என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டு, ஹெட்போனையும் பஞ்சையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பொட்டைத் தொட்டுப் பார்க்க இப்போது யாரும் தடையில்லை. ஆனால் தொடவில்லை, படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுவோம் என்று கையைக் கட்டிக்கொண்டாள். நாகப்பனின் பழைய புரோகிராம் தன் பழைய வேகத்தில் ஓடியது. பதினைந்து வருஷத்துக்கு முன் இது ஓடி முடியும்வரை அவளும் நாகப்பனும் கீழே போய் வடை தின்றுவிட்டு வருவார்கள். இப்போது நிற்கவே முடியவில்லை, காலடியில் டைல்ஸ் ஜில்லென்று இருந்தது, செருப்பு உடை மாற்றும் அறையிலேயே கிடக்கிறது. படம் வந்தது. அவளுடைய மூளை, சுருக்கம் சுருக்கமாக, ஐம்பத்தோரு வயசுக்குப் பரவாயில்லை என்று சொல்லும்படியாக. பின்னால் நின்று பார்ப்பதுபோல, இடது இடதாக, வலது வலதாகத் தெரிய வேண்டிய படம். மண்டைக்கு வெளியே, தோலை ஒட்டி, வெள்ளையாக ஒரு புள்ளி. அவள் மனசுக்குள் ஒரு கவளம் சோறு எடுத்தாள். அந்தக் கைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது புள்ளி. படத்தின் இடது ஓரத்தில். மேடத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஜெபராஜுக்கு முழுசாகத் தெரியாவிட்டாலும், பாதி தெரியும். திரையைப் பார்த்தபடியே, ரொம்பப் பக்குவமாக, "கண்ணாடி பாத்துத்தானே ஒட்டினிய? மாத்தி ஒட்டியிருப்பிய மேடம். எனக்கே சில சமயம் அப்படி ஆகும்" என்றான். எவ்வளவு நல்ல மனுஷன். கதவைத் திறந்துவிட்டு, போறதா இருந்தா போங்க என்று ஒதுங்கி நிற்கிறான். அவள் சோத்துக்கையைத் தூக்கினாள். அது நேராகப் பக்கத்துப் பொட்டுக்குப் போனது, அங்கே பிளாஸ்திரி இருந்தது. பிய்த்தாள். நாலு முடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது. "இல்ல ஜெபராஜ், சரியாத்தான் ஒட்டியிருக்கேன். என் ஆயுசுல முத தடவையா வலதுன்னு நினைச்ச இடத்துல வலது இருந்திருக்கு. இன்னைக்குப் பாத்து!" என்று சொல்லிவிட்டு, அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். எதற்கு என்று தெரியாமலே, மேடம் அழவில்லை என்ற நிம்மதியில், அவனும் சிரித்தான். புரோகிராம்தான் திருப்பியிருக்கிறது. பதினைந்து வருஷமாக எல்லாத் தலைகளையும் திருப்பியிருக்கிறது. தமிழ் வாசிப்பவர்களுக்கும் உலகத்தில் எல்லாரையும்போல இடப்பக்கம்தான். பசித்தது. காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு இதெல்லாம் வலிக்கும், அது நிச்சயம். பத்திரிகைக்கு எழுத வேண்டும், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், நாகப்பனிடம் சொல்ல வேண்டும், அவர் கத்துவார், பிறகு இரண்டு நாள் கழித்துத் தானே கூப்பிடுவார். பெரியப்பா மகனுக்கு வேறு என்னத்தை அனுப்புவது. இருக்கட்டும். நாளைக்கு வலிக்கிறதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உடை மாற்றும் அறைக்குப் போய்ச் சங்கிலியை எடுக்கும் முன் போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் மயூரன் எடுத்தார். இத்தனை நாள் எழுத்தில் மட்டும் தெரிந்த ஆள், குரல் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. "மடமோ? நீங்களே கோல் எடுக்கிறீங்களோ?" என்று பதறினார். "மடம், நான் அப்பிடி எழுதினது குறையா நினைச்சிருப்பீங்கள். நான் மூண்டு நாளா மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி எழுதி அழிச்சுக்கொண்டிருக்கிறன். தேர்வாளர்மாருக்கு என்ர மெஷின் பிழை எண்டே எழுதிக் குடுத்திட்டு, அடுத்த வருசம் திரும்பச் செய்வமெண்டு வீட்டிலயும் சொல்லிட்டன்." அங்கயற்கண்ணி கட்டிலைப்போல நீண்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "எழுதிக் குடுத்துட்டீங்களா?" இல்லை, நாளைக்குத்தான் என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப குடுக்காதீங்க. இப்பத்தான் என் தலையையே வெச்சுப் பாத்துட்டு வந்தேன். என் படம் அத்தனையும் இடம் வலம் மாறியிருக்கு. நீங்க மூணு தடவை செஞ்சதும் சரி. தப்பு எங்களோடது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கும் உங்க தேர்வாளர்களுக்கும் அனுப்பறேன், படத்தோட." லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. "பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாலயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு மயூரன். அப்பவே பாத்திருக்கணும். பாக்கல. அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்" என்றாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகு பார்த்தால் இரண்டு வரிதான் இருந்தது. அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி தள்ளப்படுகிற ஓசை. பிறகு, போன் கையில் இருப்பதையே மறந்துவிட்டு, வாயை மூடாமல், வீட்டின் அந்தக் கோடி வரை கேட்கும்படி அவர் கத்தினார்: "அம்மா! அம்மா, இஞ்ச வாங்கோ! பிழை என்னில இல்லையாம் அம்மா!" பாத்திரம் ஏதோ கீழே விழுந்தது, யாரோ என்னடா என்னடா என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள், ஒரு சின்னப் பெண் குரலும் அதோடு சேர்ந்துகொண்டது. அங்கயற்கண்ணி போனை வைக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் யார் யாரெல்லாம் ஓடி வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.